அடுப்பங்கரையில் ஆல்கஹால் கலக்க வேண்டாம்

காய்ச்சல் பரவுகிறது என்ற செய்தி வந்தால் நம் வட்டாரத்தில் இரண்டு காரியங்கள் உடனே நடக்கும். மருந்தகத்தில் சானிடைசர் அடுக்கு காலியாகும். கைப்பேசியில் ‘வீட்டிலேயே தயாரிக்கலாம்’ என்ற செய்முறைகள் சுற்றத் தொடங்கும். 2025 அக்டோபரில் மலேசியா முழுவதும் ஆறாயிரம் மாணவர்கள் வரை இன்புளுவென்சாவால் பாதிக்கப்பட்டதாகக் கல்வி அமைச்சு அறிவித்தது. ஒரே வாரத்தில் தொற்றுத் திரள்கள் 14-லிருந்து 97-க்கு ஏறின. அவற்றில் 43 சிலாங்கூரில். அடுத்த அலை எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வரும்போது கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர், சபாக் பெர்ணம் தோட்டப்புறக் குடும்பங்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதை இப்போதே பேசி முடிவு செய்துகொள்ளலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சானிடைசர் கிடைக்காத நாளில் வீட்டில் ஆல்கஹால் கலப்பது தோட்டத்து மக்களுக்குப் பாதுகாப்பு அல்ல, ஆபத்து. நமக்குத் தேவை குழாயில் தண்ணீர், கைக்கு எட்டும் இடத்தில் சவர்க்காரம். சானிடைசர் வேண்டுமென்றால் அதைக் கலக்க வேண்டியவர் மருந்தாளுநர்; கலக்க வேண்டிய இடம் ஆய்வகம்.

2020 மார்ச் நினைவிருக்கிறதா?

கொரோனா பரவலைத் தடுக்க 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அலுவலகங்கள் மூடப்பட்டன, பள்ளிகள் மூடப்பட்டன. ஆனால் செம்பனைத் தோட்டங்கள் பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருந்தன. சமையல் எண்ணெய் அத்தியாவசியப் பொருள்; குலை பழுத்தால் வெட்டித்தான் ஆக வேண்டும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்றவர்கள், ஒரே லாரியில் ஏறிக் காட்டுக்குப் போனவர்கள், நிறுவைத் தராசு அருகே கூடியவர்கள் எல்லோரும் வேலையில் இருந்தார்கள். வீட்டிலிருந்து வேலை செய்யும் வசதி வெட்டுக் கத்திக்கு இல்லை.

கடைக்குப் போவதற்கும் கட்டுப்பாடு இருந்தது. குடும்பத் தலைவர் ஒருவர் மட்டும், பத்துக் கிலோமீட்டர் சுற்றளவுக்குள் போய் வரலாம். ஷா ஆலாமில் இருப்பவருக்குப் பத்துக் கிலோமீட்டருக்குள் பத்து மருந்தகம். ராஜா மூசாவுக்கு அப்பால் உள்ள ஒரு தோட்டத்து லயத்தில் இருப்பவருக்கு அதற்குள் ஒரு மளிகைக் கடை இருந்தாலே பெரிது. அந்தக் கடைக்காரர் “சானிடைசர் முடிஞ்சி போச்சு, எப்ப வரும்னு தெரியாது” என்றால் கதை அங்கேயே முடிந்தது.

தட்டுப்பாடு நமக்கு மட்டும் வரவில்லை. பிரான்சில் வாசனைத் திரவியம் செய்துகொண்டிருந்த எல்விஎம்எச் நிறுவனமே தன் ஆலைகளில் சானிடைசர் தயாரிக்க இறங்கியது. இந்திய அரசு 2020 மார்ச்சில் முகக்கவசத்தையும் சானிடைசரையும் அத்தியாவசியப் பொருள் பட்டியலில் சேர்த்து, 200 மில்லிலிட்டர் போத்தலுக்கு நூறு ரூபாய் என்று உச்சவரம்பு விதித்தது. சர்க்கரை ஆலைகளுக்கும் வடிசாலைகளுக்கும் சானிடைசர் தயாரிக்க அனுமதி கொடுத்தது.

இந்த மூன்றையும் கவனியுங்கள். விலைக்கு வரம்பு, உற்பத்திக்கு அனுமதி பெற்ற ஆலை, தரத்துக்குப் பொறுப்பேற்கும் ஆள். தட்டுப்பாட்டைத் தீர்த்தவை இவைதாம். அடுப்பங்கரைச் செய்முறைகள் எந்த நாட்டிலும் தட்டுப்பாட்டைத் தீர்த்ததாகத் தெரியவில்லை.

கணக்குப் போட்டால் தெரிந்துவிடும்

கைப்பேசியில் அதிகம் சுற்றிய செய்முறை இது: இரண்டு பங்கு ஸ்பிரிட், ஒரு பங்கு சோற்றுக் கற்றாழைச் சாறு, வாசனைக்கு ஒரு சொட்டு எண்ணெய். பார்க்க எளிது. கற்றாழை லயத்துக்குப் பின்னாலேயே இருக்கிறது. ஸ்பிரிட்டுக்கு மருந்தகம் இருக்கிறது.

மருந்தகத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் ஸ்பிரிட்டில் ஆல்கஹால் 70 விழுக்காடு. அதில் இரண்டு குவளை எடுத்து ஒரு குவளைச் சாறு சேர்த்தால், மூன்று குவளைக் கலவையில் ஆல்கஹால் ஏறக்குறைய 47 விழுக்காடு. கிருமியை அழிக்கக் குறைந்தது 60 விழுக்காடு வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். ஆக, கடையில் வாங்கும்போது வேலை செய்யக்கூடிய நிலையில் இருந்த ஸ்பிரிட்டை நாமே காசு கொடுத்து வாங்கி, நாமே கெடுத்துவிட்டோம். அந்தச் செய்முறையை முதலில் எழுதியவர் மனத்தில் 99 விழுக்காட்டு ஆல்கஹால் இருந்திருக்கும். பத்துக் கைப்பேசி தாண்டி வரும்போது அந்த எண் வழியில் எங்கோ விழுந்துவிடுகிறது.

கற்றாழைச் சாற்றிலும் சிக்கல் உண்டு. செடியிலிருந்து வழித்தெடுத்த பச்சைச் சாறு நம் வெயிலுக்கு இரண்டு நாள் தாங்காது. அதில் மண்ணின் கிருமியும் கத்தியின் கிருமியும் சேர்ந்தே இருக்கும். வலுவில்லாத ஆல்கஹாலில் அவையெல்லாம் சாகும் என்ற உறுதி இல்லை.

குடிக்கும் மதுவைக் கையில் தேய்ப்பவர்களும் இருந்தார்கள். வோட்காவில் ஆல்கஹால் 40 விழுக்காடுதான். எங்கள் சரக்கைச் சானிடைசராகப் பயன்படுத்தாதீர்கள், அதில் போதிய வலு இல்லை என்று அமெரிக்காவின் டிட்டோஸ் வோட்கா நிறுவனமே 2020 மார்ச்சில் வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுத வேண்டியதாயிற்று. கள்ளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்; அதில் ஐந்து விழுக்காட்டைச் சுற்றித்தான் இருக்கும்.

மஞ்சளும் வேப்பிலையும் கொதிக்க வைத்துத் தெளிக்கும் வழக்கமும் அப்போது திரும்பி வந்தது. வாசலில் வேப்பிலை கட்டுவது நம் நம்பிக்கை. அதை யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அந்த நீரைக் கையில் தெளித்துவிட்டுக் கை சுத்தமாகிவிட்டது என்று சோற்றில் கை வைத்தால் மாரியம்மன் மீது பழி போடக் கூடாது.

பெயர் மாறி வரும் நஞ்சு

வலு குறைவது ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை, போத்தலில் இருப்பது எந்த ஆல்கஹால் என்று கண்ணுக்குத் தெரியாது என்பது.

எத்தனால், ஐசோபுரோபைல் ஆல்கஹால் இரண்டும் சானிடைசருக்கு ஏற்றவை. மெத்தனால் தொழிற்சாலைக்கு உரியது. தின்னர், பாலிஷ் ஸ்பிரிட் போன்றவற்றில் அது கலந்திருக்கும். நிறமும் ஏறக்குறைய அதேதான், வாசனையும் ஏறக்குறைய அதேதான். விலை மட்டும் குறைவு. தட்டுப்பாட்டுக் காலத்தில் விலை குறைந்த சரக்குக்கு எப்போதும் ஒரு வாசல் திறக்கும்.

சிலாங்கூருக்கு இது புதிதல்ல. 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நேப்பாளம், வங்காளதேசம், மியன்மார் நாடுகளிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளர்கள் அவர்களில் பலர். 2024 ஜூனில் தமிழ்நாட்டின் கள்ளக்குறிச்சியில் அதே மெத்தனால் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

சானிடைசரின் பெயரிலும் அது வந்தது. 2020 மே, ஜூன் மாதங்களில் அமெரிக்காவின் அரிசோனா, நியூ மெக்சிகோ மாநிலங்களில் சானிடைசரைக் குடித்த 15 பேர் மருத்துவமனைக்கு வந்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள், மூவர் பார்வைக் குறையுடன் வீடு திரும்பினார்கள். அந்தப் போத்தல்களில் இருந்தது மெத்தனால். அதன்பின் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் வெளியிட்ட எச்சரிக்கைப் பட்டியலில் இருநூற்றுக்கும் மேற்பட்ட சானிடைசர்கள் இடம்பெற்றன. தொழிற்சாலையில் அடைத்து, முத்திரை ஒட்டி, எல்லை தாண்டி வந்த சரக்கின் நிலையே இது. எண்ணெய் டின்னில் வந்து சில்லறையாக ஊற்றிக் கொடுக்கப்படும் ஸ்பிரிட்டுக்கு யார் உத்தரவாதம்?

அதே ஆண்டு ஜூலை இறுதியில் ஆந்திராவின் பிரகாசம் மாவட்டத்தில் உள்ள குரிச்சேடு என்ற ஊரில், ஊரடங்கில் மதுக்கடை மூடியிருந்ததால் சானிடைசரைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஈரானில் ஆல்கஹால் குடித்தால் கொரோனா அண்டாது என்ற வதந்தியை நம்பி நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள்.

இதை நம் தோட்டங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். சம்சு என்ற மலிவு மது எத்தனை குடும்பங்களைச் சீரழித்தது என்பது நமக்குத் தெரியும். பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அதற்கு எதிராகப் பல்லாண்டுகள் குரல் கொடுத்தது. குடிப்பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் இருக்கும் வீட்டில், பெயர் ஒட்டாத ஐந்து லிட்டர் ஆல்கஹால் டின்னைக் கொண்டுவந்து வைப்பது என்ன பாதுகாப்பு? கொரோனாவுக்குப் பயந்து வாங்கியது வேறு வழியில் உயிரை எடுத்துவிடும்.

மெத்தனால் உடனே காட்டிக் கொடுக்காது. குடித்தவர் வழக்கமான போதை என்று படுத்துவிடுவார். பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, மூச்சிரைப்பு, பார்வை வெள்ளையாக மங்குதல் எல்லாம் வரும். அப்போதும் “தெளிஞ்சா சரியாயிரும்” என்று மோர் கொடுத்துக்கொண்டிருந்தால் கண் போகும், உயிரும் போகும். மாற்று மருந்து உண்டு, ரத்தச் சுத்திகரிப்பும் உண்டு. ஆனால் இரண்டும் மருத்துவமனையில்தான் உண்டு.

உலகச் சுகாதார நிறுவனமே செய்முறை தந்திருக்கிறதே?

தந்திருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் விவரம் தெரிந்தவர்கள். அவர்களுக்கு நேர்மையான பதில் தேவை.

அந்தச் செய்முறைப்படி பத்து லிட்டருக்கு 96 விழுக்காட்டு எத்தனால் 8,333 மில்லிலிட்டர், 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லிலிட்டர், 98 விழுக்காட்டு கிளிசரின் 145 மில்லிலிட்டர். மீதி காய்ச்சி ஆறவைத்த நீர். முடிவில் கிடைப்பது 80 விழுக்காட்டு எத்தனால். கலந்த பிறகு ஆல்கஹால்மானி வைத்து வலுவைச் சரிபார்க்க வேண்டும். 72 மணி நேரம் தொடாமல் வைக்க வேண்டும். ஆல்கஹாலுக்குச் சாகாத நுண்விதைகள் போத்தலிலோ நீரிலோ இருந்தால் பெராக்சைடு அவற்றை அழிப்பதற்கான அவகாசம் அது.

இது யாருக்காக எழுதப்பட்டது? காசு கொடுத்துச் சானிடைசர் வாங்க முடியாத ஏழை நாட்டு மருத்துவமனைகளின் மருந்தகங்களுக்காக. அங்கே பயிற்சி பெற்றவர் இருப்பார், அளவுகுழாய் இருக்கும், தரம் எழுதிய மூலப்பொருள் இருக்கும். அவர்களுக்கே ஒரு வரம்பு உண்டு: தனிக் காற்றோட்ட வசதி இல்லாத இடத்தில் ஐம்பது லிட்டருக்கு மேல் தயாரிக்கக் கூடாது.

காரணம் தீ. 80 விழுக்காட்டு எத்தனாலின் ஆவி 17.5 டிகிரி வெப்பத்திலேயே தீப்பற்றும் நிலைக்கு வந்துவிடும். ஐசோபுரோபைல் கலவைக்கு 19 டிகிரி. கோல சிலாங்கூரில் விடியற்காலைகூட அதைவிடச் சூடு. அதாவது, நம் வீட்டில் திறந்து வைத்த எந்தச் சானிடைசர் பாத்திரமும் எந்த நேரமும் தீக்குத் தயாராகவே இருக்கிறது. பக்கத்தில் கேஸ் அடுப்பு. சாமி மேடையில் விளக்கு. கையில் சானிடைசர் ஈரம் காயும் முன்பே சூடம் கொளுத்தும் பழக்கம் வேறு. கோயில் வாசலில் சானிடைசர் வைக்கும் நிர்வாகங்கள் அதை மூலஸ்தானத்துக்கு அருகில் வைக்காமல் செருப்பு விடும் இடத்தில் வைப்பது நல்லது.

ஆக, செய்முறையில் தவறு இல்லை. இடம்தான் தவறு. அதே பத்து லிட்டரை ஓர் அரசு மருத்துவமனை மருந்தகமோ, பெஸ்தாரி ஜெயாவிலேயே வளாகம் வைத்திருக்கும் சிலாங்கூர் பல்கலைக்கழகமோ பாதுகாப்பாகக் கலந்து தரலாம். நாம் கேட்க வேண்டியது அதைத்தான்.

சவர்க்காரத்தால் முடிவது, சானிடைசரால் முடியாதது

சானிடைசர் இல்லையே என்று வருந்தும் முன், அது என்ன செய்யும் என்று பார்ப்போம். சுத்தமான, உலர்ந்த கையில் உள்ள கிருமிகளை அது அழிக்கும். அலுவலகத்தில் விசைப்பலகை தட்டியவர் கைக்கு அது போதும்.

செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கியவரின் கையைப் பாருங்கள். விரல் இடுக்கில் மண், நகக்கண்ணில் பழத்தின் எண்ணெய்ப் பிசுக்கு, முள் கீறிய இடத்தில் காய்ந்த ரத்தம், கையுறைக்குள் ஊறிய வியர்வை. இந்தக் கையில் சானிடைசர் ஊற்றினால் அது அழுக்கின் மேல் ஓடி ஆவியாகிவிடும். அழுக்குக்குள் ஒளிந்த கிருமி அப்படியே இருக்கும்.

மருந்து அடிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். பாராகுவாட் 2020 ஜனவரி முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் வேறு களைக்கொல்லிகள் தொடர்கின்றன. கையில் படிந்த நஞ்சை ஆல்கஹால் அகற்றாது. தண்ணீரும் சவர்க்காரமும்தான் கழுவி எடுத்துச் செல்லும்.

சின்னப் பிள்ளைகள் விஷயத்திலும் இதே கதை. ஆண்டுதோறும் பாலர் பள்ளிகளை மூட வைக்கும் கை, கால், வாய்ப்புண் நோயின் கிருமிக்குக் கொழுப்பு உறை கிடையாது. வாந்திபேதி தரும் நோரோ கிருமியும் அப்படித்தான். இவற்றின் மீது ஆல்கஹாலின் வேலை மந்தம்; சவர்க்காரமும் நீரும் இவற்றைக் கழுவி அகற்றிவிடும். கொரோனா, இன்புளுவென்சா கிருமிகளுக்கு உறை உண்டு. அந்த உறையைச் சவர்க்காரமும் உடைக்கும், ஆல்கஹாலும் உடைக்கும். ஆகவே சவர்க்காரம் இரு பக்கமும் வேலை செய்கிறது.

அதற்குத் தேவை இருபது விநாடி. உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டை விரல், நகக்கண் என்று வரிசையாகத் தேய்த்தால் அந்த நேரம் தானாக வந்துவிடும். விலை உயர்ந்த ‘கிருமிநாசினி சோப்பு’ தேவையில்லை. துணி துவைக்கும் கட்டியின் ஒரு துண்டு போதும்.

குழாயில் காற்று மட்டும் வரும் நாள்

“தண்ணி இருந்தாதானே கை கழுவ?” என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. சானிடைசருக்கு உண்மையான தேவை எழுவதே அந்த நாளில்தான்.

2020 செப்டம்பர் 3ஆம் தேதி ரவாங்கில் சுங்கை கோங் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தது. சிலாங்கூர் ஆற்று நீரைச் சுத்திகரிக்கும் மூன்று கட்ட நிலையங்களும் ரந்தாவ் பாஞ்சாங் நிலையமும் மூடப்பட்டன. ஏறக்குறைய 12 லட்சம் இணைப்புகளில் தண்ணீர் நின்றது; 1,292 பகுதிகள் பாதிக்கப்பட்டன. கோலாலம்பூர், பெட்டாலிங், கிள்ளான் மட்டுமல்ல, கோல சிலாங்கூரும் உலு சிலாங்கூரும் அந்தப் பட்டியலில் இருந்தன. கொரோனா பரவிய ஆண்டில், கை கழுவு என்று நாடே சொல்லிக்கொண்டிருந்தபோது, பெஸ்தாரி ஜெயாவைத் தொட்டுக்கொண்டு ஆறு ஓட, அந்த ஆற்றங்கரை மக்களின் குழாய் வறண்டு கிடந்தது.

இத்தகைய நாளுக்கும் எளிய வழி உண்டு. ஒன்றரை லிட்டர் தண்ணீரில் முப்பது கிராம் துணி துவைக்கும் தூள் கலந்து போத்தலில் அடைத்து, மூடியில் சிறு துளை போட்டுவிட்டால் அது பல நாளுக்கு வரும் சவர்க்கார நீர். வங்காளதேசத்தின் நெரிசலான குடியிருப்புகளில் இந்த முறை நன்றாகப் பயன்பட்டது. சவர்க்காரம் தேய்க்கும் நேரத்தில் நீரை ஓடவிடாமல் இருந்தால் ஒரு முறை கை கழுவ ஒரு சிறு குவளை நீரே அதிகம்.

கால்மிதியால் சாயும் ‘டிப்பி டாப்’ என்ற தொங்கு கேன் ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வேயில் பிறந்தது. ஒரு கேன், நான்கு கம்பு, கொஞ்சம் கயிறு. நம் சாரணர் பிள்ளைகள் ஒரு மதிய வேளையில் செய்து முடித்துவிடுவார்கள். கை படாமல் தண்ணீர் விழும் என்பதால் குழாயைத் திருகுவதால் வரும் தொற்றும் இல்லை.

தோட்டத்து மக்கள் எதையும் தாங்களே செய்துகொள்ளப் பழகியவர்கள். கோயில் கட்டியதும் பள்ளிக்கூடத்துக்குக் கொட்டகை போட்டதும் அந்தக் கைகள்தாம். வீட்டில் சானிடைசர் செய்யும் ஆசையிலும் அந்தத் தன்மானம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். அந்தக் கைவேலையைச் சவர்க்கார நீர்ப் போத்தலுக்கும் தொங்கு கேனுக்கும் திருப்புங்கள் என்றுதான் கேட்கிறேன். அவற்றில் பிழை நேர்ந்தால் கை கொஞ்சம் வழுக்கும். கண் போகாது, வீடு எரியாது.

முதலாளியின் கடமை

இவ்வளவையும் தொழிலாளி தலையில் சுமத்திவிட்டு நிர்வாகம் ஒதுங்கிக்கொள்ள முடியாது. தொழிலாளர் தங்குமிடத்துக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது 446ஆம் சட்டம், தோட்ட வீடுகளுக்குக் கட்டணமின்றிப் போதிய குழாய்நீர் தர வேண்டும் என்கிறது. 2019இல் திருத்தப்பட்டு 2020 ஜூனில் நடப்புக்கு வந்தபின் அந்தச் சட்டத்தின் வீச்சு மற்ற துறைகளுக்கும் விரிந்தது.

முன்பு தோட்டத்துக்குத் தோட்டம் மருந்தகம் இருந்தது, டிரெசர் எனப்பட்ட மருத்துவ உதவியாளரும் இருந்தார். 1965ஆம் ஆண்டிலேயே தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுக்கென்று தனிச் சட்டம் இயற்றிய நாடு இது. காய்ச்சல் பரவினால் டிரெசர் லயம் லயமாக வருவார். எதைத் தடவலாம், எதைக் குடிக்கக் கூடாது என்று சொல்ல ஓர் ஆள் இருந்தார். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் வீடமைப்புத் திட்டங்களாக மாறியும் போனபின் அந்த ஆள் காணாமல் போனார். அவருடைய நாற்காலியில் இப்போது கைப்பேசிச் செய்முறை உட்கார்ந்திருக்கிறது.

என்ன செய்யலாம்?

வீட்டில்: பின்பக்கக் கதவருகே ஒரு வாளித் தண்ணீரும் ஒரு சவர்க்காரக் கட்டியும் நிரந்தரமாக இருக்கட்டும். சானிடைசர் வாங்கினால் எத்தனால் அல்லது ஐசோபுரோபைல், குறைந்தது 60 விழுக்காடு, தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண் நான்கும் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று குறைந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 100பிளஸ் போத்தலிலோ மினரல் வாட்டர் போத்தலிலோ அதை மாற்றி ஊற்றாதீர்கள். தாகத்தோடு வரும் பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. கிளோராக்ஸ் போன்ற வெளுப்பு நீரைக் கையில் தேய்க்க வேண்டாம், காடியோடும் ஆல்கஹாலோடும் கலக்கவே வேண்டாம். மருந்தகத்தில் 70 விழுக்காட்டு ஸ்பிரிட் கிடைத்தால் எதையும் சேர்க்காமல் அப்படியே பயன்படுத்துங்கள். கை வறண்டால், காய்ந்த பிறகு கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளலாம்.

விழுங்கிவிட்டால்: ஓர் இரவு பொறுத்துப் பார்க்க வேண்டாம். போத்தலையும் கையில் எடுத்துக்கொண்டு தஞ்சோங் காராங், கோல குபு பாரு, சுங்கை பூலோ ஆகியவற்றில் அருகிலுள்ள மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். வண்டி இல்லையென்றால் 999. தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099. அதைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் எழுதி ஒட்டலாம்.

தோட்ட நிர்வாகத்தில்: பெரட்டுத் திடல், நிறுவை இடம், மருந்து கலக்கும் கொட்டகை ஆகிய மூன்று இடங்களில் குழாய் வைத்த நீர்ப் பீப்பாயும் சவர்க்காரமும் வையுங்கள். ஒரு வேலையாளுக்குக் காய்ச்சல் விடுப்பு கொடுப்பதைவிட இது மலிவு. அறிவிப்புகள் மலாயில் மட்டும் இல்லாமல் தமிழ், வங்காளி, நேப்பாளி மொழிகளிலும் இருக்கட்டும். 2018இல் மெத்தனால் மதுவால் இறந்தவர்களில் பலருக்கு எச்சரிக்கையைப் படித்துச் சொல்ல யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

மாவட்ட, மாநில அளவில்: மாவட்டச் சுகாதார அலுவலகம் தட்டுப்பாட்டுக் காலத்துக்கான சானிடைசர் கையிருப்பை முன்கூட்டியே திட்டமிட வேண்டும். மருத்துவமனை மருந்தகம், பல்கலைக்கழக ஆய்வகம் எவை, எத்தனை லிட்டர் கலக்க முடியும் என்ற பட்டியல் அலை வரும் முன்பே கையில் இருக்க வேண்டும். தண்ணீர் வெட்டு அறிவிக்கப்பட்டால், நகரத்து அடுக்குமாடிகளுக்குப் போகும் முதல் லாரிகளில் சில லயங்களுக்கும் வரட்டும்.

கூட்டரசு அளவில்: 2011ஆம் ஆண்டு விலைக்கட்டுப்பாட்டுச் சட்டம் கையில் இருக்கிறது. தொற்று அறிவிக்கப்பட்ட நாளே சானிடைசருக்கும் சவர்க்காரத்துக்கும் உச்சவரம்பு விலை விதிக்க அதைப் பயன்படுத்தலாம். விலை கட்டுக்குள் இருந்தால் எண்ணெய் டின் ஸ்பிரிட்டுக்குச் சந்தை இருக்காது. மெத்தனாலைச் சில்லறையாக ஊற்றி விற்பவர் யாரிடம் வாங்கினார், யாருக்கு விற்றார் என்று ஏடு வைக்க வேண்டும் என்ற விதியும் தேவை.

பள்ளியில்: அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள். நம் தமிழ்ப்பள்ளியில் எத்தனை குழாய்களில் தண்ணீர் வருகிறது, அவற்றில் எத்தனை குழாய்களின் அருகே இன்று சவர்க்காரம் இருக்கிறது? விடையைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்து அதே கேள்வியை மறுபடி கேளுங்கள்.